ஆறாவது விடயமும் பட்டுச் சேலைகளும்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது ஐம்பதுக்குக் கல்லூரியின் முன்வாசலில் நான் முதலில் கண்டது ஒரு வெள்ளை மெர்சிடிஸ் கார். அதன் பின்கதவு திறந்து மாம்பழ நிறப் பட்டுச் சேலை ஒன்று இறங்கியது. பின்னால் மயில்கழுத்து நிறத்தில் ஒன்று, அரக்கில் ஒன்று. 2009 மார்ச் மாதம். மூச்சு விட்டால் புகையாகத் தெரியும் குளிர். பெண்கள் குளிர்கோட்டுகளைக் கையில் மடித்து வைத்திருந்தார்கள். போட்டால் சேலை மறைந்துவிடும்.

காருக்குப் பின்னால் ஒரு நீல வான் நின்றது. அதன் பக்கக் கதவால் சூட்டும் கழுத்தில் ரையும் அணிந்த ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கடைசியாக இறங்கியவர் கையில் வாழையிலையால் மூடிய எவர்சில்வர் தட்டு ஒன்று இருந்தது.

வரவேற்பு மேசையிலிருந்து ட்ரேசி என் அறைக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

"இன்றைக்கு மண்டபத்தைக் கல்யாணத்துக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறோமா?"

"இல்லை. அவர்கள் நிர்வாக சபைக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார்கள்" என்றேன்.

"எல்லோருமா?"

"இரண்டு பேரைத்தான் அழைத்தோம்."

தென் லண்டனில் இருந்த அந்தக் கல்லூரியின் நிர்வாக சபைக்கு நான் கிளார்க்காக இருந்தேன். பள்ளிப்படிப்பு முடித்தவர்களும், வேலை செய்துகொண்டே ஒரு தொழிலைக் கற்க விரும்பும் பெரியவர்களும் படிக்கும் கல்லூரி அது. பிற்பாடு வேறு இரண்டு கல்லூரிகளோடு சேர்க்கப்பட்டுவிட்டது. பழைய பெயர் இப்போது கட்டடத்தில்கூட இல்லை. என் பதவியைக் கேட்ட உறவினர்கள் எல்லோரும் என்னைக் கிளாக்கர் என்றே அழைத்தார்கள். தபால் உறைகளுக்கு முத்திரை ஒட்டுபவன் என்று நினைத்தார்கள். இந்த நாட்டில் சபையின் கிளார்க் என்றால் வேறு வேலை. கூட்டத்தைக் கூட்டுவது, எந்த விதி எதை அனுமதிக்கிறது என்று தலைவருக்குச் சொல்வது, எடுத்த முடிவை எழுதுவது. வாக்களிக்க முடியாது. கருத்துச் சொல்லவும் முடியாது. விதியைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாய் திறக்கலாம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு எண்பதுகளின் நடுவில் லண்டன் வந்தேன். பெற்றோல் ஸ்டேசன், தபால் பிரிப்பு, இந்தக் கல்லூரியின் மாலைநேர வரவேற்பு மேசை, ஒரு குழுவின் செயலாளர் சுகவீனமாகப் போனபோது அவருடைய கதிரை. அப்படியே மேலே போனேன். பயிற்சி என்று சொல்லக்கூடியது ஒரே ஒரு வார இறுதி வகுப்புத்தான். அதில் மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. எனக்குப் பின் அந்தக் கதிரைக்கு வந்தவர் போன மாதம் பேசும்போது, கூட்டத்தை இப்போது ஒரு இயந்திரம் கேட்டு, அதுவே குறிப்பை எழுதித் தருகிறது என்றார். எல்லாவற்றையும் எழுதுகிறதாம். யாராவது சிரித்தால் அடைப்புக்குறிக்குள் "சிரிப்பு" என்று போடுகிறதாம். நான் இருந்த காலம் முழுவதும் ஒரு சிரிப்பையும் பதிவு செய்ததில்லை. சபையில் சிரிப்பு இல்லாமல் இல்லை. எழுதியதைவிட எழுதாமல் விட்டது மிகக் கூடுதலாக இருந்த கூட்டம் எது என்று யோசித்தபோது அந்த வெள்ளிக்கிழமைதான் நினைவுக்கு வந்தது.

சபையின் தலைவர் திருமதி லாங்டன். ஓய்வு பெறும்வரை ஒரு பஸ் கம்பனியில் நேர அட்டவணை போட்டவர். நிகழ்ச்சி நிரலில் இருக்கும் ஒவ்வொரு விடயத்தையும் ஒரு பஸ் வண்டி போலவே நடத்துவார். குறித்த நேரத்துக்கு அது புறப்படும். பேச நினைத்தவர் இன்னும் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தால் அது அவருடைய பாடு. குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. யாரையும் இடைமறிக்கவும் மாட்டார். வாக்கியத்தின் நடுவில் நன்றி சொல்வார், அவ்வளவுதான்.

அந்த நன்றியில் மூன்று வகை உண்டு. வெறும் "நன்றி" என்றால், சொன்னது விளங்கிவிட்டது, இனிப் பேச வேண்டாம். "மிக்க நன்றி" என்றால், சொன்னது விளங்கவில்லை, ஆனாலும் பேச வேண்டாம். "மிகவும் பயனுள்ளது" என்பது மூன்றாவது. அது அபூர்வம். அதைச் சொன்னால், கூட்டத்துக்கு வரும்போது அவர் மனதில் இருந்த முடிவு மாறிவிட்டது என்று அர்த்தம். கல்லூரி அதிபரும் நானும் மட்டுமே இதைத் தெரிந்து வைத்திருந்தோம். அந்தச் சொல் வந்தால் அதிபர் தன் தாள்களை அடுக்கத் தொடங்கிவிடுவார்.

கூட்டத்துக்கு அடுத்த திங்கட்கிழமை காலையில் திருமதி லாங்டன் என் அறைக்கு வருவார். கோட்டைக் கழற்ற மாட்டார், கதிரையில் இருக்க மாட்டார். நின்றபடியே என் குறிப்பை வாசித்து, பென்சிலால் பெயரடைகளை வெட்டுவார். முதல் வருடம் ஒருநாள் வெட்ட ஒன்றும் இல்லாமல் பென்சிலைத் திரும்பப் பையில் வைத்தார்.

"பத்திரிகையில் எந்தப் பக்கம் பார்த்தீர்கள்?"

"மரண அறிவித்தல்கள்."

"அதுதான்" என்றார்.

அவருக்கு முழுவதும் விளங்கியிருக்காது. எங்கள் ஊர் மரண அறிவித்தலில் ஒரு மருமகனின் பெயர் விடுபட்டால் மறுநாள் காரியாலயத்துக்கு ஒரு குடும்பமே வரும். யார் வந்தார், யார் யாருக்கு என்ன முறை, எந்த வரிசையில் போட வேண்டும் என்பதை நான் அங்கேதான் கற்றேன். நிர்வாக சபைக் குறிப்பில் வருகை தந்தோர் பகுதி எனக்கு ஒருபோதும் சிரமமாக இருந்ததில்லை. அந்த ஒரு வெள்ளிக்கிழமையைத் தவிர.

தொகுதி எம்.பி.யையும் உள்ளூர்க் கவுன்சிலரையும் வருடத்துக்கு ஒரு முறை சபைக்கு அழைத்து, பணத்தையும் பாடங்களையும் பற்றிப் பேசுவது எங்கள் வழக்கம். அதற்கு முந்திய வருடம் பேச்சு இனிமையாக இருந்தது. புதிய கட்டடம் வரப்போகிறது என்று எம்.பி. பாதுகாப்புத் தொப்பி அணிந்து மண்வெட்டியோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். உள்ளூர்ப் பத்திரிகையில் அது வந்தது. பிறகு பணம் வரவில்லை. தோண்டிய குழியில் மழைத் தண்ணீர் நின்றது. 2009 மார்ச்சில் அதில் இரண்டு வாத்துகள் இருந்தன. சபை அறையின் ஜன்னலால் பார்த்தால் நேரே அவைதான் தெரியும்.

கட்டடம் போனது போக, பாடங்களுக்கும் கத்தி வந்தது. பணம் தரும் அமைப்பின் விதி மாறியிருந்தது. தொழில் தருபவர் கேட்கும் பாடத்துக்குப் பணம் உண்டு. படிப்பவர் கேட்கும் பாடத்துக்கு இல்லை. நிகழ்ச்சி நிரலில் ஆறாவது விடயம் மாலை வகுப்புகளை நிறுத்துவது பற்றியது. நிறுத்த வேண்டியவற்றில் மின்னிணைப்பு வேலைக்கான இரண்டு வருட மாலை வகுப்பும் ஒன்று.

பெப்ரவரியில் ஒரு நாள் அந்த வகுப்பில் படிக்கும் சிவநேசன் என் அறை வாசலில் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"அண்ணை, நீங்கள்தானே இஞ்ச கிளாக்கர்?"

"ஓம், வந்து இருங்கோ."

"இருக்க நேரமில்லை, ஷிப்ட் இருக்கு. செப்டெம்பரில எங்கட வகுப்பு இல்லையாம். உண்மையே?"

"சபை இன்னும் முடிவெடுக்கேல்லை."

"எடுத்தா?"

"எடுத்தா இல்லை."

அவர் கதவு நிலையில் சாய்ந்தார். "ஜெர்மனியில பதினாலு வருசம் வயர் இழுத்தனான் அண்ணை. பிள்ளையளின்ர இங்கிலீசுக்காக இஞ்ச வந்தம். இஞ்ச ஒரு பிளக் பூட்டவும் சேர்டிபிகேட் கேக்கினம். முதல் வருசம் முடியப்போகுது. ரெண்டாம் வருசம் இல்லையெண்டா முதல் வருசத்துக்கு ஒருத்தரும் ஒண்டும் தர மாட்டினம். வேற இடத்தில பகல் வகுப்புத்தான் இருக்காம். பகலில படிச்சா ஆர் வீட்டு வாடகை கட்டுறது?"

விதியைச் சொன்னேன். தலைவர் சம்மதித்தால் மாணவர் சார்பில் இருவர் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசலாம்.

"ரெண்டு பேரோ? எம்.பி. வாறார் எண்டு சொல்லுறியள். ரெண்டே ரெண்டு பேர் போய் நிண்டா அவர் என்ன நினைப்பார்?"

"ரெண்டு பேர் வந்தவை எண்டு நினைப்பார்."

அந்தப் பதில் அவருக்குத் திருப்தியாக இருக்கவில்லை. எப்படி உடுத்து வருவது என்று கேட்டார். துப்பரவாக இருந்தால் போதும் என்றேன். திருமதி லாங்டன் சம்மதித்ததைக் கடிதத்தில் அறிவித்தேன்.

எங்கள் ஆட்கள் ஒரு பெரிய மனிதரைப் பார்க்கப் போவதற்கு ஒரு முறை உண்டு. தனியாகப் போவதில்லை. வெறுங்கையோடு போவதில்லை. வீட்டில் எது இல்லையோ அது வெளியே தெரியும்படி போவதில்லை. அழுக்குச் சட்டையோடு போனால் தனக்கும் அவமானம், பார்க்கப்படுபவருக்கும் அவமானம். இங்கே அரசிடம் பணம் கேட்பவர் மழையில் கொஞ்சம் நனைந்த மாதிரி வர வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை.

ஆகவே அந்தக் காலையில் வகுப்பின் ஒன்பது பேரும் சூட்டில் வந்தார்கள், சிலர் மனைவிமாரோடு. கூடவே அப்டன் பார்க்கில் மூன்று பலசரக்குக் கடை வைத்திருக்கும் கணேசலிங்கம் வந்தார். அவர் சிவநேசனின் மனைவி வசந்திக்கு ஒன்றுவிட்ட அண்ணன். நாலு பேருக்குத் தெரிந்த ஒருவர் முன்னால் நிற்க வேண்டும் என்பதற்காக அழைக்கப்பட்டவர். மெர்சிடிஸ் அவருடையது. தட்டில் பயற்றம் பணியாரமும், முதல்நாள் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் அருச்சனை செய்த பழமும் இருந்தன.

நான் கீழே இறங்கி வந்தபோது கணேசலிங்கம் வாசலில் ஒரு ஆளோடு பேசிக்கொண்டிருந்தார். அந்த ஆள் முழங்கை தேய்ந்த கம்பளிச் சட்டை அணிந்திருந்தார். காற்சட்டையின் ஒரு காலில் கிளிப் மாட்டியிருந்தது. மடிக்கும் சைக்கிள் ஒன்றை மெர்சிடிஸுக்குப் பக்கத்தில் வைத்து மடித்துக்கொண்டிருந்தார்.

"பிளீஸ், காருக்குக் கிட்ட வேண்டாம். கீறல் விழும்" என்று கணேசலிங்கம் ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "கூரியர்க்காரர்போல. அங்கால விடச் சொல்லுங்கோ" என்றார்.

அந்த ஆள் மன்னிப்புக் கேட்டு சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனார். அதற்குள் அதிபர் படியிறங்கி ஓடிவந்து, அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, வருகைக்கு நன்றி சொன்னார்.

"இவரோ எம்.பி.?" என்று கணேசலிங்கம் மெதுவாகக் கேட்டார்.

"ஓம்" என்றேன்.

வியாபாரி என்பதால் அவருக்குப் பதற்றம் நீடிக்கவில்லை. பையிலிருந்து ஒரு பொன்னாடையை எடுத்து உதறி, கம்பளிச் சட்டைக்கு மேல் போர்த்தினார். கைதட்டல் எழுந்தது. பின்னால் வந்த கவுன்சிலருக்கும் ஒன்று. மூன்றாவதோடு திருமதி லாங்டனை நெருங்கினார். "நன்றி" என்றார் அவர். முதல் வகை. கணேசலிங்கம் மூன்றாவதை மடித்துப் பையில் வைத்தார்.

எம்.பி.க்கு உற்சாகம் பிறந்துவிட்டது. பொன்னாடையோடு வரிசையாகக் கை குலுக்கிக்கொண்டு போனார். ஒவ்வொருவரிடமும் என்ன தொழில் என்று கேட்டார். சுப்பர்மார்க்கெட்டில் இரவு சாமான் அடுக்குபவர் சில்லறை வணிகத்தில் இருப்பதாகச் சொன்னார். பார்சல் வான் ஓட்டுபவர் சரக்குப் போக்குவரத்து என்றார். வங்கிகள் நிறைந்த சிட்டிப் பகுதியில் அலுவலகம் துப்பரவு செய்பவர், "சிட்டியில்" என்றார். சிவநேசன் முதல்நாள் இரவு முழுவதும் பெற்றோல் ஸ்டேசனில் நின்றுவிட்டு வந்தவர். "பெற்றோலியம்" என்றார். பத்திரிகைக்காரனாகக் கேட்டுக்கொண்டு நின்றேன். ஒருவர் சொன்னதிலும் பொய் இல்லை.

கூட்டம் பத்தரைக்குத் தொடங்கியது. வந்தவர்களுக்குச் சுவரோரம் கதிரை போடச் சொன்னேன். பார்வையாளர் இருக்கலாம் என்று விதி சொல்கிறது. எத்தனை பேர் என்று சொல்லவில்லை. முதல் ஐந்து விடயங்களும் நேரத்துக்குப் புறப்பட்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. கவுன்சிலர் ஒரு பயற்றம் பணியாரத்தைக் கடித்துவிட்டு, உள்ளே என்ன என்று என்னிடம் சைகையால் கேட்டார். அது விதியைப் பற்றிய கேள்வி அல்ல என்பதால் நான் பதில் சொல்லவில்லை.

ஆறாவது விடயத்தில் அதிபர் புதிய விதியை விளக்கினார். மாலை வகுப்புகளை மூடுவதைத் தவிர வழியில்லை என்றார். பிறகு எம்.பி. பேசினார். நல்ல மனிதர். நல்லெண்ணத்தோடுதான் பேசினார்.

"கீழே உங்கள் உள்ளூர்த் தொழிலதிபர்களைச் சந்தித்தேன். பெற்றோலியம், போக்குவரத்து, சில்லறை வணிகம். எனக்கு மிகவும் பெருமையாக இருந்தது. இப்படிப்பட்டவர்கள் ஆர்வம் காட்டும் வகுப்பு என்றால், அவர்களே முழுக் கட்டணத்தையும் ஏற்று நடத்தலாம் அல்லவா? அரசின் பணம் உண்மையில் தேவைப்படுகிறவர்களுக்குப் போகட்டும்."

மேசையைச் சுற்றித் தலைகள் ஆமோதித்து அசைந்தன. சுவரோரம் ஒருவரும் அசையவில்லை. எல்லோருக்கும் அவ்வளவு ஆங்கிலம் விளங்கும்.

"திரு சிவநேசன், ஐந்து நிமிடம்" என்றார் திருமதி லாங்டன்.

சிவநேசன் எழுந்தார். எங்கள் மேடைகளில் பேசுபவர் முதலில் சபையை விளிக்க வேண்டும். அவர் ஆங்கிலத்தில் அதைச் செய்தார். மதிப்புக்குரிய தலைவர் அவர்களே என்று தொடங்கி எம்.பி., கவுன்சிலர், அதிபர் என்று போய், மேசையில் இருந்த ஒவ்வொரு உறுப்பினரையும் பெயர்ப்பலகையைப் பார்த்துப் பார்த்து விளித்து, கடைசியாக என்னையும் விளித்தார். அதற்கே மூன்று நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. சபை உறுப்பினர் சிலர் தங்கள் பெயர் அப்படி ஒலித்ததை முன்பு கேட்டதில்லை, நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு சிவநேசன் பொன்னாடை போர்த்திய எம்.பி.யைப் பார்த்தார். தன் மனைவியையும் மற்றவர்களின் மனைவிமாரையும் பார்த்தார்.

"கல்லூரி மிக நல்லது. ஆசிரியர் மிக நல்லவர். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை" என்றார். கதிரையில் இருந்துவிட்டார்.

"மிக்க நன்றி" என்றார் திருமதி லாங்டன். இரண்டாவது வகை. அவர் கை அடுத்த தாளுக்குப் போனது.

"இஞ்சேருங்கோ, குறையில்லை எண்டு சொல்லவோ வந்தனீங்கள்?"

மாம்பழ நிறச் சேலை எழுந்து நின்றது. வசந்தி.

"இரும், இரும்" என்று சிவநேசன் சேலைத் தலைப்பைப் பிடித்தார்.

"இழுக்காதேங்கோ, கிழிஞ்சா ஆர் பதில் சொல்லுறது?"

திருமதி லாங்டன் என் பக்கம் திரும்பினார். "இருவர் பேசலாம் என்பதுதானே விதி?"

"ஆம். ஒருவர்தான் பேசியிருக்கிறார்."

"நேரம்?"

"ஒன்றரை நிமிடம் இருக்கிறது."

"அந்த அம்மா பேசட்டும். நீங்கள் மொழிபெயருங்கள்."

கிளார்க் விவாதத்தில் பங்கெடுக்க முடியாது என்று நினைவூட்டினேன்.

"இது விவாதம் இல்லை. போக்குவரத்து" என்றார்.

நான் எழுந்து நின்றேன். வசந்தி என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"அண்ணை, அப்பிடியே சொல்லுங்கோ. இந்தச் சேலை என்ர இல்லை. கழுத்தில கிடக்கிற அட்டியலும் என்ர இல்லை. ரெண்டும் இவ சாந்தியக்காவின்ர."

அப்படியே சொன்னேன். மயில்கழுத்து நிறச் சேலையில் இருந்த சாந்தி கூரையைப் பார்த்தார்.

"இவர் போட்டிருக்கிற கோட் என்ர தம்பியின்ர கலியாணத்துக்குத் தைச்சது. விடிய பெற்றோல் ஸ்டேசனால வந்து, முகத்தைக் கழுவிப்போட்டு அதைப் போட்டவர். பெற்றோலியம் எண்டு சொன்னது அதைத்தான்."

சொன்னேன். எம்.பி. பொன்னாடையின் ஓரத்தைச் சரிசெய்தார்.

"பெரிய மனிசரைப் பாக்க வரேக்க வீட்டுக் கஷ்டத்தை உடுத்திக்கொண்டு வாறதோ? எங்களிட்ட அப்பிடி ஒரு பழக்கம் இல்லை. இவர் மட்டும் என்னவாம்? போன வருசம் தொப்பியைப் போட்டு மண்வெட்டியோட நிண்டு படம் எடுத்தவர். அதைப் பாத்து நாங்கள் இவரை மேசன் எண்டு நினைச்சனாங்களோ?"

இங்கே நான் ஒரு கணம் நிறுத்தினேன். திருமதி லாங்டன் காத்திருந்தார். "தன் மொழிபெயர்ப்பாளர் நிறுத்திவிட்டார் என்று அந்த அம்மா நினைக்கப் போகிறார்" என்றார்.

"கடந்த வருடப் படத்தைப் பார்த்து, மாண்புமிகு உறுப்பினர் ஒரு கொத்தனார் என்று தாங்கள் முடிவெடுக்கவில்லை என்கிறார்."

முதலில் சிரித்தது எம்.பி.தான். ஜன்னலால் ஒரு முறை வெளியே பார்த்துவிட்டு இன்னும் சிரித்தார்.

வசந்தி சிரிக்கவில்லை. "இந்த மனிசன் பாதி படிச்சிட்டார். மிச்சப் பாதி இல்லையெண்டா அதை வைச்சு என்ன செய்யிறது? பாதி லைட்டோ போடுறது? அவ்வளவும்தான். இருங்கோ அண்ணை, நீங்களும் களைச்சுப்போனியள்."

கடைசி வசனத்தையும் மொழிபெயர்த்துவிட்டுக் கதிரையில் இருந்தேன்.

"மிகவும் பயனுள்ளது" என்றார் திருமதி லாங்டன்.

அதிபர் தன் தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

திருமதி லாங்டன் கணேசலிங்கத்தைப் பார்த்தார். "வெள்ளைக் கார் உங்களுடையதா? அல்லது அதுவும் சாந்தி அம்மாவுடையதா?"

"என்னுடையது மேடம். கோட்டும் என்னுடையதுதான்."

"என்ன தொழில்?"

"அப்டன் பார்க்கில் மூன்று கடை."

"உங்களுக்கு எலெக்ட்ரீஷியன் தேவைப்படுமா?"

சுவரோரம் பட்டுச் சேலைகள் சரசரத்தன. எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். கணேசலிங்கம் கோயிலில் திருவிழா உபயம் செய்பவர், கலியாண வீடுகளில் முன்வரிசையில் இருப்பவர். தன் சனத்துக்கு முன்னால், ஒரு சபையில், எழுந்து நின்று இல்லை என்று சொல்வது அவரால் முடியாத காரியம். முப்பது வருடம் பஸ்ஸில் ஏறுபவர்களையும் ஏறாதவர்களையும் பார்த்துப் பழகிய திருமதி லாங்டனுக்கு அது எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது.

"தேவைப்படும்" என்றார் கணேசலிங்கம்.

"எத்தனை பேர்?"

அவர் திரும்பி வரிசையைப் பார்த்தார். "எத்தனை பேர் படிக்கினமோ அத்தனை பேரும்" என்று தமிழில் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன்.

"தொழில் தருபவர் ஒருவர் கேட்கிறார். விதி அதுதானே?" என்று திருமதி லாங்டன் அதிபரிடம் கேட்டார். அதிபர் அதுதான் என்றார். பணம் தரும் அமைப்புக்குத் தானே எழுதுவதாக எம்.பி. சொன்னார். கவுன்சிலர் வாய் நிறையப் பணியாரத்தோடு தலையசைத்தார். மின்னிணைப்பு வகுப்பை மட்டும் மேலும் ஒரு வருடம் நடத்துவது என்று வாக்கெடுத்தோம். ஒருவர் எதிர்த்தார். அவர் கூட்டத்தின் முடிவு நேரத்தையும் எதிர்த்து வாக்களிப்பவர். மற்ற மாலை வகுப்புகள் மூடப்பட்டன.

கூட்டம் முடிந்து கீழே வந்தபோது கணேசலிங்கம் வாசலில் வசந்தியோடு நின்றார்.

"பிள்ளை, என்னைக் கொண்டுவந்து எங்க மாட்டியிருக்கிறாய்? மரக்கறிக் கடைக்கு ஒன்பது எலெக்ட்ரீசியனோ?"

"நீங்கள்தானே அண்ணை சொன்னியள்."

"சபையில கேட்டா வேற என்னத்தைச் சொல்லுறது?"

"அதை அந்த மனிசி கண்டுபிடிச்சிட்டா."

அவர் என்னிடம் திரும்பினார். "கிளாக்கர், நான் சொன்னதை எழுதிப்போட்டியளோ?"

"எழுதிப்போட்டன்."

"அழிக்க ஏலாதோ?"

"அடுத்த கூட்டத்தில திருத்தம் கேக்கலாம்."

"அதுக்கும் இப்பிடி எல்லாரையும் ஏத்திக்கொண்டு வரவேணுமோ?"

"ரெண்டு பேர் போதும்" என்றேன்.

சிவநேசன் சற்றுத் தள்ளி ரையைத் தளர்த்திக்கொண்டு நின்றார். வசந்தி அவரிடம் போய், "தலைவர் அவர்களே, இனி வீட்டை போவமோ?" என்று கேட்டார். அவர் சிரித்துவிட்டார். அன்று காலை முழுவதும் அவர் முகத்தில் நான் கண்ட முதல் சிரிப்பு அது.

திங்கட்கிழமை திருமதி லாங்டன் வந்து நின்றபடியே குறிப்பை வாசித்தார். வருகை தந்தோர் பகுதியில் எல்லோர் பெயரையும் போட்டிருந்தேன், முறைப்படி: மாணவர்கள், அவர்களின் குடும்பத்தினர், தொழில் தருபவர் ஒருவர். சாந்தியின் பெயரும் இருந்தது. ஆறாவது விடயத்தின் கீழ், சபை ஒரு மாணவரிடமிருந்தும் அவரது குடும்பத்தினர் ஒருவரிடமிருந்தும் உள்ளூர்த் தொழில் தருபவர் ஒருவரிடமிருந்தும் நேரடியாகக் கருத்துக் கேட்டது, மின்னிணைப்பு மாலை வகுப்பை ஒரு வருடம் தொடரத் தீர்மானித்தது என்று இருந்தது. "நேரடியாக" என்ற சொல்லின் மேல் பென்சில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வெட்டாமல் போனார்.

மே மாதம் பணம் தரும் அமைப்பிலிருந்து ஒரு அதிகாரி அப்டன் பார்க்குக்கு வருவதாக அறிவித்தார். சொன்ன தொழில் தருபவர் உண்மையில் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டுமாம். கணேசலிங்கம் மூன்று நாள் முன்னதாகவே எனக்குத் தொலைபேசி எடுத்து, பொன்னாடை வாங்கவா என்று கேட்டார். வேண்டாம், உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். அவர் வழியில் அவர் உண்மையைச் செய்தார். ஒரு சிறிய கம்பனியைப் பதிந்து, பழைய வான் ஒன்றை வாங்கினார். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கோலியர்ஸ் வுட்டிலும் அப்டன் பார்க்கிலும் பழைய வீடு வாங்கித் திருத்திக்கொண்டிருந்தவர்கள். சான்றிதழ் உள்ள ஒரு எலெக்ட்ரீஷியனின் கீழ் ஒன்பது பேரையும் முறை வைத்து உதவியாளராக அனுப்பினார். அதிகாரி வந்த நாளில் கடையில் ஒரு எலெக்ட்ரீஷியனும் இல்லையாம். எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அதை அவர் பெருமையாகவே சொன்னார்.

வகுப்பு செப்டெம்பரில் தொடங்கியது. சிவநேசன் எழுத்துப் பரீட்சையில் ஒரு முறை தவறி, அடுத்த முறை சித்தியடைந்தார். அதற்கடுத்த செப்டெம்பரில் மின்னிணைப்பு வகுப்பு நடந்த அறையில் நக அலங்கார வகுப்புத் தொடங்கியது.